மடியில் ஓர் எலுமிச்சம்பழம்

ஏற்காடு பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், நாலு பேர் கையிலாவது எலுமிச்சம்பழம் இருக்கும். மோந்து பார்த்துக்கொண்டே போனால் குமட்டல் அடங்கும் என்று வைத்திருப்பார்கள். எனக்குக் குமட்டலே வராது. ஆனாலும் ஏழெட்டு வருஷமாக அந்தப் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் கை பழத்தைத் தேடும். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழம்தான் என் பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்தது என்று பின்னால் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு ஊர் சேலம் அம்மாப்பேட்டை. அக்காவை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, அத்தான் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். மாசத்துக்கு ஒரு தடவையாவது மலைக்குப் போய் வருவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தாலாட்டு மாதிரி, தூங்கிக்கொண்டே போவேன். 2014 நவம்பரில் ஒருநாள் சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தோம், மழை, மூடுபனி வேறு. ஒரு வளைவில் எதிரே லாரி. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பதால் எங்கள் டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். நான் கடைசிக்கு முந்தின சீட்டில், ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. பின்பக்கம் எதிலோ உரசுகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் விசில் மேல் விசிலாக அடிக்கிறார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்குமா? அப்புறம் லாரி போய்விட்டது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முன்சீட்டு ஆள் அதுவரைக்கும் நிலக்கடலை தின்றுகொண்டுதான் இருந்தார்.

எனக்கு பயம் வந்தது அன்றைக்கு இல்லை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்தது சும்மா அதிர்ச்சி, எல்லோருக்கும் வருவதுதான். பயம் வேர் விட்டது அடுத்த மாசம். திரும்ப மலைக்குக் கிளம்பி, பஸ் கோரிமேட்டைத் தாண்டப்போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது, மூச்சு பாதியில் நின்ற மாதிரி ஆனது. தலைவலி என்று பொய் சொல்லி இறங்கிவிட்டேன். ரோட்டோரம் நின்று, பஸ் போவதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், வெயிலில் நடந்து வந்து மோர் குடித்த மாதிரி. அந்த நிம்மதிதான் வினை. இறங்கினாய், பிழைத்தாய் என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. அதே பஸ் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்ததே, அதைப் பார்க்க நான் அதில் இல்லை. ஒவ்வொரு தடவை தவிர்க்கும்போதும் அதே கணக்கு அதே பேரேட்டில் ஏறும். 1947-லேயே மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சொல்லிவிட்டார். பயம் ஒரு சம்பவத்தில் ஒட்டிக்கொள்கிறது, தப்பித்து ஓடுவதால் கிடைக்கும் நிம்மதி அதைக் காப்பாற்றி வைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. எனக்கு இது புரிய ஒன்பது வருஷம் ஆனது.

அதற்குள் பயம் மலையை விட்டு ஊருக்குள் இறங்கிவிட்டது. முதலில் ஜன்னலோர சீட் வேண்டாம் என்றேன், அப்புறம் பஸ் வேண்டாம், கார் என்றால் சரி. அப்புறம் காரும் வேண்டாம். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது ஊரே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, நான் மட்டும் வீட்டுக்காரரைக் கீழேயே போகச் சொல்லி நெரிசலில் கிடந்தேன். கடைசியில் எங்கள் மொட்டை மாடி. வருஷா வருஷம் ஜவ்வரிசி வடகம் பிழிந்து காயப்போடுகிற வீடு எங்களுடையது, கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் நடுவிலேயே சேலையை விரித்துப் பிழிய ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் மகளைப் பிழியச் சொன்னேன்.

2018-இல் அக்கா மகள் பெரியவளான சீர். சித்திக்காரி நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அக்கா ஒன்றரை வருஷம் சரியாகப் பேசவில்லை. "ஏன்டி, வரப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, காய்ச்சல்னு எதுக்குச் சொல்றே?" என்று ஒருநாள் போனில் கேட்டாள். பஸ்ஸுக்குப் பயம் என்று நாற்பது வயசில் எப்படிச் சொல்வது?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அம்மா மந்திரித்துத் தாயத்து கட்டினார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தினம் ஒரு தடவை சொல்லவும் செய்தார். ஒரு டாக்டர், பேர் வேண்டாம், என்ன ஏது என்று கேட்காமல் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் பாதி போட்டுக்கொள்ளச் சொன்னார். 2021-இல் அதைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியபடி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மலையேறியது நான் இல்லை, மாத்திரை. அடுத்த தடவை மாத்திரை இல்லாமல் கிளம்பினால் பழைய நடுக்கம் ஒரு பிடி கூடவே இருந்தது. அந்த வகை மாத்திரையின் மயக்கத்தில் மூளை புதுப் பாடம் எதையும் சரியாகப் படிக்காது, படித்தாலும் பெயர் மாத்திரைக்குத்தான் போகும். இதைப் படித்துவிட்டு, தினமும் போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து, எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

2023-இல் மகள்தான் தேடிப்பிடித்து ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் கூட்டிப்போனாள். போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கவுன்சலிங் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் இந்தச் சிகிச்சை படித்தவர்கள் இல்லை.

நான் ஏதோ படுக்கவைத்துச் சின்ன வயசுக் கதை கேட்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். மேடம் நோட்டும் பேனாவும் எடுத்து வரச் சொன்னார், அவ்வளவுதான். எத்தனை நாளாக இருக்கிறது, ஆபத்தின் அளவுக்கு மீறிய பயமா, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். ஆறு மாசத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையை முடக்கினால்தான் அதற்கு ஃபோபியா என்று பெயராம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார், ஏனென்றால் அது வேறு பிரச்சினை. தைராய்டு டெஸ்டும் எடுத்து வரச் சொன்னார்.

"இது உங்க குணம் இல்லைங்க. கத்துக்கிட்ட ஒண்ணு. கத்துக்கிட்டதுக்கு மேல புதுசா ஒண்ணு கத்துக்கலாம்" என்றார். அப்புறம் ஒரு கதை சொன்னார். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி பீட்டர் என்ற மூன்று வயசுப் பையனின் முயல் பயத்தைப் போக்கியிருக்கிறார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்து, கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். 1950-களில் ஜோசப் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் இதை ஒரு முறையாக வகுத்தார், பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் வழக்கம் அவர் கொடுத்ததுதான். எனக்கு இந்த மார்க் விஷயம் பிடித்துவிட்டது. பயம் என்றால் பயம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன், பிரித்துப் பார்த்தால் 30-ம் இருக்கிறது, 90-ம் இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டு மாதிரி ஒரு பட்டியல் எழுதி வரச் சொன்னார். நான் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டேன். முதல் வளைவு 5, இரண்டாம் வளைவு 10, இப்படியே இருபதாம் வளைவு 100. அழகாக இருந்தது. மேடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, பஸ்ல உக்காந்து நீங்க என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

யோசித்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்வேன், நடுவரிசையில் உள்பக்க சீட்டில்தான் உட்காருவேன். கண்ணாடியில் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் கொட்டாவி விட்டால் செத்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொள்வேன், ஒன்றும் ஆகாதில்லை என்று அவரிடம் நாற்பது தடவை கேட்பேன். முருகா முருகா என்பேன். மடியில் பழம்.

"ஏணி அதுலதான் இருக்கு, ரோட்டுல இல்லை" என்றார்.

அந்தக் கைத்தடிகள் இருக்கிறவரை இருபது வளைவையும் இருநூறு தடவை ஏறினாலும் பயம் போகாது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால், கண்ணை மூடியதால் சேர்ந்தேன், பழம் இருந்ததால் சேர்ந்தேன் என்றுதானே உள்ளே எழுதிக்கொள்வோம்? முருகனைக் கும்பிடுவதையும் விடச் சொல்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. "சாமி கும்பிடறது வேற. சொல்லலைன்னா பஸ் கவிழ்ந்துடும்னு சொல்றது வேற. ரெண்டாவதைத்தான் விடச் சொல்றேன்" என்றார். நியாயமாகப் பட்டது. முருகனும் ஒத்துக்கொண்டிருப்பார்.

புதுப் பட்டியல் இப்படி வந்தது. போனில் மலைப்பாதை வீடியோ 30. மொட்டை மாடிச் சுவரில் கை வைத்து நின்று தெருவைப் பார்ப்பது 45. அடிவாரத்தில் நின்று பஸ் ஏறுவதை, இறங்குவதைப் பார்ப்பது 50. மேம்பாலம் 55. காரில் மலைப்பாதையில் இருக்கிற அறுபது அடி பாலம் வரை, கண்ணைத் திறந்து 70. பஸ்ஸில் உள்பக்க சீட், பழத்தோடு 75, பழம் இல்லாமல் 85. ஜன்னலோரம் 95. ஸ்கூட்டியை நானே ஓட்டுவது 100, அதை எழுதும்போதே பேனா ஆடியது.

ஒவ்வொரு படிக்கும் நோட்டில் மூன்று கட்டம். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நிச்சயம், என்ன நடந்தது. மாடிச் சுவருக்கு எழுதினேன்: தலை சுற்றி விழுந்துவிடுவேன், 80 சதவீதம் நிச்சயம். நெஞ்சு அடிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மயக்கம் வர அது இறங்க வேண்டும், ஆகவே உங்களுக்கு மயக்கம் வருவது கஷ்டம் என்று மேடம் சொல்லியிருந்தார். காதால் கேட்டது உடம்புக்கு ஏறவில்லை. பதினோரு நாள் தொடர்ந்து நின்ற பிறகுதான் ஏறியது. பதினோராம் நாள் எதிர்வீட்டில் குழாய்ச் சண்டை, வேடிக்கை பார்த்ததில் மார்க் போடவே மறந்துவிட்டேன்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ரத்தம், ஊசி, காயம் பார்த்தால் பயப்படுகிறவர்களுக்கு முதலில் அழுத்தம் ஏறி, சட்டென்று இறங்கும், அவர்கள் நிஜமாகவே மயங்கி விழுவார்கள். என் தம்பி அந்த ரகம். லேப்பில் ரத்தம் எடுக்கப் போய் நாற்காலியோடு சாய்ந்தவன். அவனிடம் உடம்பைத் தளர்த்து, மூச்சை இழுத்து விடு என்று சொல்வது தப்பு. ஸ்வீடனில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்பவர் 1980-களில் இதற்கென்று ஒரு முறை கொண்டுவந்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, முகம் சூடாகிறவரை, ஒரு பத்துப் பதினைந்து வினாடி பிடிக்க வேண்டும், பிறகு இருபது முப்பது வினாடி விட வேண்டும், இப்படி ஐந்து தடவை. விடும்போதும் தொளதொளவென்று ஆகிவிடாமல் சாதாரண நிலைக்கு வந்தால் போதும். ஊசி போடுகிற கையை மட்டும் இறுக்கக் கூடாது. தம்பி வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டுப் போனான், இப்போது சுகர் டெஸ்டுக்குத் தனியாகவே போகிறான்.

அடிவாரத்தில் மட்டும் ஐந்து சனிக்கிழமை போனது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இறங்கி வருகிற பஸ்களை எண்ண வேண்டும். முதல் நாள் 65-இல் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 40. நாலாவது சனிக்கிழமை எனக்குக் கொட்டாவி வந்தது. மேடத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், போர் அடிக்கிறது என்று. "இதை விட நல்ல சேதி என்ன வேணும்?" என்றார்.

சொதப்பிய நாளும் உண்டு. காரில் அறுபது அடி பாலம் வரை போக வேண்டிய அன்று, பாதி வழியில் ஒரு லோடு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியதும் 95 ஆகிவிட்டது, அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித் திருப்பச் செய்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு எரிச்சல், "காசு கொடுத்து அழறதா?" என்றார். அந்த வாரம் மாடிச் சுவர்கூட 60-க்குப் போய்விட்டது. உச்சத்தில் இருக்கும்போது ஓடிவருவது கோரிமேட்டுக் கணக்கேதான். கஷ்டமாக இருந்தால் படியை முன்கூட்டியே சின்னதாக்கலாம், வழியில் நிறுத்தி அங்கேயே உட்காரலாம், திரும்பி ஓடுவதுதான் கூடாது. ஓடிவிட்டாலும் முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளாவது திரும்பப் போய்விட வேண்டும். நான் ஒன்பது நாள் கழித்துப் போனேன், அந்த ஒன்பது நாளும் வீண்.

அவருக்கும் மேடம் பாடம் எடுத்தார். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று அவர் அன்பாகச் சொல்வதும் இன்னொரு எலுமிச்சம்பழம்தானாம். இனிமேல் அதைச் சொல்லக் கூடாது, இப்ப எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டும். பாவம், கண்டக்டர் மாதிரி வளைவுக்கு வளைவு "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

பழம் இல்லாமல் ஏறியது 2024 ஜனவரியில். நோட்டில் எழுதியிருந்தேன்: கத்திவிடுவேன், பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், 90 சதவீதம். வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, சேலை முந்தானையைச் சுருட்டினேன், அதுவும் பழம்தான் என்று தோன்றியதும் விட்டுவிட்டேன். முதல் நாலு வளைவு 90. கண்ணை மூடவில்லை. அப்போது பின்சீட்டில் ஒரு குழந்தை ஓங்கரிக்க ஆரம்பித்தது. அதன் அம்மா என் தோளைத் தட்டி, "ஏனுங்கக்கா, எலுமிச்சம்பழம் இருக்குங்களா?" என்றாள். ஏழெட்டு வருஷமாகப் பழமும் கையுமாக இருந்தவள், பழம் இல்லாமல் ஏறிய ஒரே நாளில்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவர் எடுத்துக்கொடுத்து, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்ததில் ஐந்தாறு வளைவு போனதே தெரியவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு அப்பால் சேலம் மொத்தமும் வெள்ளைத் தீப்பெட்டிகளாகக் கிடந்தது. அப்போது 55.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் பெருமையாக நிறுத்தியிருப்பேன். 2024 ஏப்ரல் 30 அன்று அதே மலைப்பாதையில், மேலிருந்து இறங்கிய பஸ் ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போயின. டிவியில் அந்த வளைவைப் பார்த்தபோது என் கை தானாகப் பிரிட்ஜைத் திறந்து பழத்தை எடுத்தது. மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து, பாருங்கள், நான் பயந்தது சரிதானே என்று சண்டையே போட்டேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. விபத்து நடக்கவே நடக்காது என்று தான் எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டார். யோசித்தால், சொன்னதில்லை. உங்கள் நெஞ்சு அடிப்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். பயம் திரும்ப வருவதும் வழக்கம்தான், பழைய பாடம் அழிவதில்லை, புதுப் பாடம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு உலுக்கு உலுக்கினால் கீழே இருப்பது எட்டிப் பார்க்கும், ஆனால் இரண்டாம் தடவை சீக்கிரம் அடங்கும் என்றார். பத்து நாளுக்குள் போனேன், 80-இல் ஆரம்பித்து மூன்று நடையில் 50-க்கு வந்தது. முதல் தடவை அதற்கு நாலு மாசம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் இறங்கும்போது ஒரு டிரைவர் போனில் பேசிக்கொண்டே வளைவைத் திருப்பினார். எழுந்து நின்று, போனை வையுங்கள் என்று சத்தம் போட்டேன், நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள், வைத்துவிட்டார். பழைய நான் என்றால் கண்ணை மூடி, பழத்தைப் பிடித்து, முருகா முருகா என்று உட்கார்ந்திருப்பேன், அவர் போன் பேசியதே தெரிந்திருக்காது. பயந்துகொண்டே இருந்த அத்தனை வருஷமும் நான் ஜாக்கிரதையாக இருந்ததாக நினைத்திருந்தேன், ஒரு நாள்கூட ரோட்டைப் பார்த்ததில்லை.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416-க்கு அடிக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போய், எனக்கு இதைப் பார்த்தால் பயம் என்று சொன்னால் போதும், பல்லியானாலும் சரி, லிஃப்ட்டானாலும் சரி, அவர்கள் சிரிக்க மாட்டார்கள். நான் அக்காவிடம் சொன்னபோது அவள்தான் சிரித்தாள், பிறகு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு காய்ச்சல்காரி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டாள்.

ஸ்கூட்டி இன்னும் பாக்கி. இதுவரைக்கும் நாலாவது வளைவு வரை, வீட்டுக்காரர் பின்னால் பைக்கில் வர. நோட்டில் அடுத்த வரி, எட்டாவது வளைவு, தனியாக. நேற்று பக்கத்தில் 75 போட்டிருந்தேன், இன்று காலையில் அடித்துவிட்டு 65 ஆக்கினேன். மழை விட்டதும் போகலாம் என்று இருக்கிறேன். மூன்று நாளாகத் தூறல்தான், இந்தத் தூறலில் பால்காரரிலிருந்து எல்லோரும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால் இந்த மழையையும் கைத்தடிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன்.